மருத்துவிச்சியின் கை

சங்க அகப்பாடலொன்றை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, “செவிலி எண்டால் மருத்துவிச்சியோ, சேர்?” என்று வினவினாள். செவிலி தலைவியை வளர்த்த தாய்; தோழியைப் பெற்ற தாய்; பிரசவம் பார்ப்பது அவளுக்கு இலக்கிய மரபு வகுத்த தொழிலன்று என விடை பகர்ந்தேன். நூல் வழக்கின்படி அவ்விடை பிழையானதன்று. ஆயினும் பாடவேளை முடிந்த பின்னரும் அவ்வினா மனத்தை விட்டு அகலவில்லை. வினாவை எழுப்பிய பிள்ளையின் அம்மம்மா முன்னொரு காலத்திலே எங்கள் ஊர் மருத்துவிச்சியாக இருந்தவர். இன்று நரைத்த தலையுடன் ஊரிலே நடமாடுவோரிற் பலர் அவருடைய கையிலே பிறந்தவர்கள். அச்செய்தியை அப்பிள்ளை வகுப்பிலே வாய்திறந்து சொல்லமாட்டாள். சொன்னால் அவளுடைய சாதி இன்னதென்று மற்றவர்கள் அறிந்துகொள்வர். எத்தனையோ உயிர்களை ஏந்திய ஒரு கை, தன் பேர்த்திக்குப் பெருமையாகாமல் அவள் மறைக்க வேண்டிய இரகசியமாகியது எவ்வாறு? இதற்கு விடை தேட முற்படின், பிரசவ வேளையிலே பெண்ணுக்குக் காட்டப்படும் கருணையின் வரலாற்றையே நாம் ஆராய வேண்டியவர்களாகிறோம்.

சொற்களிலிருந்து தொடங்கலாம். வைத்தியசாலையிலே நோயாளரைப் பேணும் பெண்ணை நமது நாட்டிலே தாதி என்கிறோம். தமிழ்நாட்டார் செவிலி என்பர். செவிலி என்ற சொல் அகத்திணை மரபினூடே அன்பின் மணத்தோடு வருவது. தாதி என்ற சொல்லுக்கோ அகராதி இரு பொருள் தருகின்றது: ஒன்று வளர்ப்புத் தாய், மற்றொன்று ஏவற்பெண். வடமொழியிலே வெவ்வேறாயிருந்த இரு சொற்கள் தமிழிலே ஒரே உருவம் பெற்றமையே இதற்குக் காரணம் என மொழிநூலார் கூறுவர். அது சரியே. எனினும், பிறர் உடலைப் பேணும் பெண்ணைத் தாயென்று போற்றிக்கொண்டே ஏவலாளாக நடத்திய சமுதாயத்துக்கு இவ்விரு பொருளும் ஒரே சொல்லிலே அடங்கியிருந்தமை சற்றேனும் உறுத்தவில்லை என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். மருத்துவிச்சி என்ற சொல் மேலும் கூர்ந்து நோக்கத்தக்கது. மருத்துவம் என்ற பெருஞ்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியவள் அவள். ஆனால் நாட்டு வைத்தியரைப் ‘பரியாரியார்’ என்று மரியாதை விகுதி சேர்த்து அழைத்த ஊர், மருத்துவிச்சிக்கு அவ்விகுதியைக் கொடுக்கவில்லை.

திருச்சிராப்பள்ளி மலைக்கோயில் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். பெண்ணொருத்திக்குப் பிரசவம் நெருங்கிற்று. துணைக்கு வரவேண்டிய தாய் காவிரிப் பெருவெள்ளத்தால் அக்கரையிலே தடைப்பட்டாள். இறைவன் அத்தாயின் வடிவிலே வந்து பிரசவம் பார்த்து, உண்மைத் தாய் வந்து சேரும்வரை மகளையும் சேயையும் பேணினான் என்பது அத்தலத்தின் வரலாறு. பிரசவ வேதனையிலே கிடக்கும் பெண்ணுக்குத் துணைநிற்றலை மக்கள் எத்துணை உயர்ந்த அருட்செயலாகக் கருதினர் என்பதற்கு இக்கதை சான்று. ஆனால் அதே செயலைத் தொழிலாகச் செய்த பெண், தான் பிரசவம் பார்த்த வீட்டின் முன்வாசலால் உரிமையுடன் நுழைய முடியவில்லை. இறைவன் செய்தபோது அது திருவருள் எனப்பட்டது. ஏழைப் பெண் செய்தபோது அது துடக்கு எனப்பட்டது.

நிலமானிய அமைப்பிலே தமிழ் ஊர்களிற் பெரும்பாலும் முடிதிருத்தும் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களே பிரசவம் பார்த்தனர். கணவன் முடிகளைந்தான், மனைவி பிள்ளை பெறுவித்தாள். இரண்டும் ஊர்க் குடிமை ஊழியங்களாகவே கொள்ளப்பட்டன. இரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டெனக் கருதப்பட்டமையால் அவற்றைத் தொடும் தொழில் தாழ்த்தப்பட்டோர் தலையிலே சுமத்தப்பட்டது. அத்தொழிலைச் செய்தமையே பின்னர் அவர்களைத் தாழ்த்தி வைத்திருப்பதற்கு நியாயமாகவும் காட்டப்பட்டது. பிள்ளை பெற்றவளும் இத்தீட்டுக் கொள்கைக்குத் தப்பவில்லை. யாழ்ப்பாணத்திலே 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை அவள் ஒதுங்கியே இருக்கவேண்டியிருந்தது. காற்றும் வெளிச்சமும் குறைந்த அறையிலே, ஆண்மக்கள் அஞ்சி விலகிநின்ற வேளையிலே, அவளுடைய இடுப்பைத் தாங்கி, வியர்வையைத் துடைத்து, “கொஞ்சம் பொறுங்கோ, நாச்சியார்” என்று தேற்றிய குரல் தாழ்த்தப்பட்ட பெண்ணின் குரலாக இருந்தது. உயிர் போகும் வேதனையின் நடுவிலும் ‘நாச்சியார்’ என்ற அந்த விளி மாறவில்லை.

ஆயின், பழமையைப் பொன்னாக்கிக் காட்டுதல் நமது நோக்கமன்று. கொதிநீரிலே இடப்படாத கத்தியாற் கொப்பூழ்க்கொடி வெட்டப்பட்டமையால் ஏற்புவலி கண்டு மாண்ட சிசுக்கள் பல. குருதிப்பெருக்கு உண்டானபோதும், சிசு குறுக்கே கிடந்தபோதும் மருத்துவிச்சியால் ஆகக்கூடியது அதிகமில்லை. அவளிடம் கருணை இருந்தது. கைத்திறனும் பொறுமையும் இருந்தன. எழுத்தும் அறிவியலும் மட்டும் அவளுக்கு எட்டாதபடி வைக்கப்பட்டிருந்தன. தாய்மார் அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தனர்.

அவ்வாறாயின் அறிவியல் மட்டும் இருந்தாற் போதுமா? இதற்கு நேர்மாறான நிலையை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, ஐரோப்பிய மருத்துவக் கல்வியின் பெருநிலையங்களுள் ஒன்றாயிருந்த வியன்னாவிலே காண்கிறோம். அந்நகரப் பொது வைத்தியசாலையிலே ஏழைப் பெண்களுக்கென இரு பிரசவப் பிரிவுகள் இருந்தன. அங்கே செலவின்றிப் பிரசவிக்கலாம். அதற்கு ஈடாக, கற்போர் பழகுவதற்குத் தம் உடலைக் கொடுத்தல் வேண்டும். முதற்பிரிவிலே மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாம் பிரிவிலே மருத்துவிச்சித் தொழில் கற்கும் பெண்கள் பயின்றனர். 1846ஆம் ஆண்டிலே முதற்பிரிவில் 100 தாய்மாருக்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாம் பிரிவிலே 3 பேருக்கும் குறைவு. முதற்பிரிவிலே தம்மைச் சேர்க்கவேண்டாமென்று பெண்கள் முழந்தாளிட்டு மன்றாடினர். வைத்தியசாலைக்கு வரும் வழியில், வீதியிலேயே பிள்ளை பெற்றவர்கள்கூட முதற்பிரிவிற் பிரசவித்தோரிலும் பார்க்கக் காய்ச்சலுக்குத் தப்பினர்.

மருத்துவ மாணவர் பிணங்களை அறுத்துச் சோதித்த கையோடு பிரசவப் பிரிவுக்கு வந்தனர் என்பதை ஹங்கேரியரான இக்னாஸ் செம்மெல்வைஸ் உணர்ந்தார். 1847 மே மாதத்திலே, குளோரினூட்டிய சுண்ணாம்புக் கரைசலிலே கைகழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டும் என அவர் விதித்தார். 1848ஆம் ஆண்டிலே முதற்பிரிவின் மரணவீதம் 100க்கு 1.3 அளவிற்கு வீழ்ந்தது. மருத்துவரின் கையே மரணத்தைச் சுமந்தது என்ற கூற்றை அக்கால மருத்துவ அறிஞர் பலர் ஏற்கவில்லை. செம்மெல்வைஸ் 1865இலே மனநோய் விடுதியொன்றிலே மாண்டார்.

இதனை விஞ்ஞானி ஒருவரின் துன்பியற் கதையாக எடுத்துரைப்பதே பாடநூல் வழக்கு. நாம் வேறொன்றையும் நோக்குதல் வேண்டும். எந்தப் பிரிவிலே சாவு மிகுதி என்பதை, செம்மெல்வைஸ் காரணம் கண்டறிவதற்கு முன்னரேயே அப்பெண்கள் அறிந்திருந்தனர்; அறிந்து மன்றாடினர். அவர்களுடைய மன்றாட்டத்தைச் சான்றாக எடுத்துக் கொள்வார் இல்லை. ஏனெனில் அவர்கள் ஏழைகள். அவர்களிற் பலர் மணமாகாத் தாய்மார். கருணை என்பது கண்ணீர் வடித்தலன்று. வேதனைப்படுபவள் சொல்வதை அறிவுடைய ஒருத்தியின் சொல்லாக மதித்துக் கேட்டலே அதன் முதற்படி. அப்படி கேளாத அறிவு எத்துணை ஆபத்தானது என்பதை வியன்னா காட்டிற்று.

அதே 1847ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பிக்கலாம் என்று செய்து காட்டியவர் அவர். அவர் முயற்சியால் 1857ஆம் ஆண்டிலே ‘பிரசவ வைத்தியம்’ என்ற தமிழ் நூல் வெளிவந்தது. அறிவியல் ஆங்கிலத்தின் தனியுடைமையன்று என்று வாதிடும் நமக்கு இது பெருமை தரும் செய்தி. எனினும் கிறீனிடம் கற்றோர் ஆண்கள். பிரசவ அறையினுள்ளே அவர்களுக்கு அனுமதியில்லை; அவ்வறையினுள்ளே நின்ற பெண்ணுக்கோ எழுத்தறிவில்லை. நூல் தமிழிலே இருந்தும், அது யாருக்குத் தேவைப்பட்டதோ அவள் கையை அடையவில்லை. தாய்மொழியிலே நூல் இருந்தாற் போதாது. அதைப் படிக்கும் உரிமை உழைக்கும் பெண்ணுக்கும் கிடைத்தல் வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

அடுத்து வந்தது தருமத்தின் காலம். 1879ஆம் ஆண்டிலே சாள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் கொழும்பிலே பிரசவ விடுதி திறக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியிலே இணுவிலில் மகளிருக்கென மிஷன் வைத்தியசாலை தோன்றிற்று. இந்நிறுவனங்கள் ஆற்றிய நற்பணியை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் தருமத்திற்கு எல்லையுண்டு. கனடாவிலே பிறந்த மேரி எனும் பெண் வைத்தியர், யாழ்ப்பாணத்து மிஷன் பணிக்கென 1896ஆம் ஆண்டிலே இலங்கை வந்தார். அவர் தமிழரொருவரை மணந்தமையால் மிஷன் அவரை ஏற்க மறுத்தது. நோயாளராக வரும் சுதேசிகளிடத்திலே கருணை காட்டலாம். சுதேசி ஒருவரைக் கணவராகக் கொள்ளலாகாது என்பதே அத்தருமத்தின் இலக்கணமாயிற்று. அவ்வைத்தியர்தான் மேரி இரத்தினம். பின்னர் கொழும்பிலே பெண்களுக்கு வைத்தியம் பார்த்ததோடு, பெண்களின் வாக்குரிமைக்காகவும் பாடுபட்டார். பிரசவ அறைக்கும் வாக்குச் சாவடிக்கும் உள்ள தொடர்பை அவர் நன்குணர்ந்திருந்தார் போலும்.

அத்தொடர்பை வரலாறு தெளிவாகவே காட்டுகின்றது. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோயாளி வைத்தியசாலையைத் தேடி வரும்வரை காத்திராமல், பயிற்சி பெற்ற ஊழியர் மக்களின் வீடுகளைத் தேடிச் செல்லும் முறை இது. 1931ஆம் ஆண்டிலே ஆண் பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஏழைப் பெண்ணின் வாக்கும் எண்ணப்படத் தொடங்கியபின், கிராமத்திற்கு வைத்தியசாலையும் பாடசாலையும் வேண்டுமென்ற குரலை அரசியலார் அசட்டை செய்ய முடியவில்லை.

1934-35இலே வந்த மலேரியாப் பெருங்கொள்ளை ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கருவுற்ற பெண்ணை மலேரியா இருமடங்கு தாக்கும். குருதியை வற்றச் செய்யும். சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர் கிராமங்களுக்குச் சென்று நிவாரணம் வழங்கியபோது கண்டது நோயை மட்டுமன்று. நோய்க்கு நிலமாயிருந்த பசியையும் கண்டனர். 1935 டிசம்பரிலே லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதற்கு இவ்வனுபவமும் ஒரு பின்னணியாகும். 1945இலே இலவசக் கல்வி வந்தது. 1946ஐ அடுத்த ஆண்டுகளிலே டி.டி.ரி. தெளிப்பினால் மலேரியா ஒடுக்கப்பட்டது.

இவற்றின் விளைவை எண்களே கூறட்டும். 1930களிலே இந்நாட்டில் 100,000 உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000 தாய்மாருக்கு மேல் மாண்டனர். அதாவது, ஏறத்தாழ 50 பிரசவத்துக்கு ஒரு தாய். ஒரு பெண் ஆறேழு பிள்ளை பெற்ற காலத்திலே இது எத்துணை கொடிய கணக்கு என்பதை எண்ணிப் பாருங்கள். 1950 அளவிலே அத்தொகை 500க்கும் 600க்கும் இடைப்பட்டதாகக் குறைந்தது. அதன்பின் ஏறக்குறையப் பத்தாண்டுக்கொரு முறை பாதியாகி, 2010 தொடக்கம் 2019 வரையான ஆண்டுகளிலே 40க்குள் அடங்கிற்று. செல்வம் மிகுந்த நாடுகள் சிலவும் எட்டாத நிலையை வறிய நாடொன்று எட்டியது. கிருமிகொல்லி மருந்துகளும் குருதியேற்றலும் இதற்கு உதவின என்பது உண்மையே. ஆயின் அம்மருந்து எங்கே தேவையென்று அறிந்து, ஆபத்துற்ற தாயை உரிய காலத்திலே வைத்தியசாலைக்கு அனுப்பியவர் யார்?

ஊர்தோறும் நடந்த மருத்துவமாதே அவர். ஏறத்தாழ 3,000 மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கிலே நியமிக்கப்பட்ட இப்பெண்கள் கருவுற்ற ஒவ்வொருத்தியின் பெயரையும் பதிந்தனர். வீடு தேடிச் சென்று கால்வீக்கத்தையும் குருதிச் சோகையையும் கவனித்தனர். கத்தரியைக் கொதிநீரிலிட்டுக் கொடியறுத்தனர். பிள்ளை பிறந்தபின்னும் சென்று பாலூட்டலைப் பார்த்தனர். பழைய மருத்துவிச்சியிடமிருந்த அண்மையும் புதிய அறிவியலும் ஒரே கையிலே சேர்ந்தது வரலாற்றிலே இங்கேதான். அக்கைக்கு அரசு சம்பளம் கொடுத்தது. தாயிடம் கட்டணம் கேட்கப்படவில்லை. பிறப்பினாலன்றிப் படிப்பினாலும் பயிற்சியினாலும் பெறும் உத்தியோகமாகப் பிரசவம் பார்த்தல் மாறியபோது, தீட்டு என்ற கொள்கை தன் அடித்தளத்திலே ஆட்டங்கண்டது. கருணை தனிமனிதரின் நற்குணம் என்ற நிலையிலிருந்து, மக்கள் கேட்டுப் பெறும் உரிமை என்ற நிலைக்கு உயர்ந்தது.

ஆனால் இவ்வுரிமை எல்லாருக்கும் ஒரே வேளையிலே கிடைக்கவில்லை. அரசின் சுகாதார சேவை தேயிலைத் தோட்டத்தின் வாயிலோடு நின்றுவிட்டது; அதற்கப்பால் வைத்தியமும் துரைமாரின் நிருவாகத்துக்குட்பட்டதாயிருந்தது. 1939ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டம் உழைக்கும் பெண்ணுக்குப் பிரசவகாலக் கொடுப்பனவை வகுத்தது. ஆயினும் லயத்துக் காம்பராவிலே, குடும்பம் முழுவதும் படுத்தெழும்பும் ஒற்றை அறையிலே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த களைப்போடு பிள்ளை பெற்றவளின் நிலை அச்சட்டத்தால் மட்டும் மாறிவிடவில்லை. 1948இலே மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவளின் பிரசவ வேதனை எந்த அரசியலாரின் செவியையும் எட்டவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அங்கும் பொதுச் சேவை மெல்ல மெல்ல நுழைந்தது. நாட்டின் ஏனைய பகுதிகளிலே தாயும் சேயும் பிழைக்கத் தொடங்கிய காலத்திலே தோட்டங்கள் பின்தங்கி நின்றமை தற்செயலன்று.

இன்று இந்நாட்டிலே அநேகமாக எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நிகழ்கின்றன. இது பெருவெற்றி. ஆயினும் அங்கே பிரசவித்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். சாவுக்குத் தப்பியதைச் சொல்வோர், ஏச்சுக்குத் தப்பவில்லை என்பதையும் சொல்வர். தாய் வாயிலிலே நிற்க, மகள் உள்ளே தனியே கிடக்கிறாள்; அவள் அலறினால் அதட்டப்படுகிறாள்; என்ன நடக்கிறதென்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. ஏழைக்கும் படியாதவளுக்கும் இது சற்றுக் கூடுதலாகவே நேர்கின்றது.

பிள்ளை நலமாகப் பிறந்தாற் போதாதா, இன்சொல் வெறும் அலங்காரமல்லவா என்று கேட்போருண்டு. 1980ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வொன்று அவர்களுக்கு விடை கூறும். மத்திய அமெரிக்காவிலுள்ள குவாட்டமாலா நாட்டு வைத்தியசாலையொன்றிலே, தனியே வந்த தாய்மாரிற் சிலருக்குத் துணையாக ஒரு பெண்ணை இருத்தினர். அவளுக்கு வைத்தியம் தெரியாது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவி, பேசிக்கொண்டிருப்பதே அவள் பணி. துணையில்லாத தாய்மாருக்குப் பிரசவமாகச் சராசரி 19.3 மணித்தியாலம் சென்றது; துணையிருந்தோருக்கு 8.8 மணித்தியாலமே சென்றது. அச்சம் நீங்கிய உடல் தன் வேலையைத் தானே செவ்வனே செய்கின்றது. பழைய மருத்துவிச்சி கையாலறிந்திருந்த உண்மையை அறிவியல் அளந்து காட்டியது. பிரசவ வேளையிலே பெண்கள் அவமதிக்கப்படுதல் ஒழிய வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2014இலே அறிக்கை விடுத்தது. தாய் விரும்பும் துணையாளர் உடனிருக்க வேண்டுமென 2018இலே விதந்துரைத்தது.

இதைக் கூறும்போது தாதியரைக் குற்றக்கூண்டிலேற்றுவது எளிது, நியாயமன்று. ஒருத்தி ஒரே இரவிலே எத்தனையோ கட்டில்களைப் பார்க்க வேண்டியிருக்கையிலே, எல்லாக் கட்டிலினருகிலும் நின்று முதுகைத் தடவ அவளுக்குக் கைகள் இரண்டே. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே மருந்து தட்டுப்பட்டது. வைத்தியரும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டைவிட்டுப் போயினர். களைத்தவளிடம் கருணையை எதிர்பார்த்து அறிவுரை கூறுதல், பசித்தவனிடம் தானம் கேட்பதை ஒக்கும். போதிய ஊழியர், போதிய சம்பளம், போதிய ஓய்வு இவையே கருணையின் பொருளாதார அடித்தளம். தாயின் மானத்துக்கான கோரிக்கையும் தாதியின் உரிமைக்கான கோரிக்கையும் எதிரெதிரானவை அல்ல. இரண்டும் ஒரே போராட்டத்தின் இரு முகங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரம்பரை மருத்துவிச்சிகளிலே எஞ்சியுள்ளோர் மிகச் சிலர். அரசு மருத்துவமாது வந்தபோது அவர்களிடம் கற்க என்ன உண்டென்று எவரும் கேட்கவில்லை. அவர்கள் சும்மா ஒதுக்கப்பட்டனர். ஊரூராகச் சென்று அவர்களுடைய அனுபவங்களைக் கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் தாய்மாரிடமும் அவர்கள் பிரசவித்த நாளைப் பற்றிக் கேளுங்கள். அரசர் பிறந்த நாளைக் கல்வெட்டிலே தேடும் வரலாறு, அவர்களைப் பெறுவித்த கையையும் தேடட்டும்.

என் மாணவிக்கு நான் கூறிய விடையை அடுத்த பாடவேளையிலே திருத்தப்போகிறேன். செவிலி வேறு, மருத்துவிச்சி வேறு என்பது நூல் வழக்கு. பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏந்தியவள் எவளோ அவளே செவிலி என்று கொண்டால், உன் அம்மம்மாவைப் போன்றவர்கள் இந்த ஊருக்கே செவிலிகள். இதனை அவளைப் பெயர் சொல்லிச் சுட்டாமல், வகுப்பு முழுவதையும் நோக்கிச் சொல்வேன். கேட்டபின் அவள் வாய்திறந்து சொல்வாளோ மாட்டாளோ, அது அவள் விருப்பம். அவள் அஞ்சாமற் சொல்லத்தக்க வகுப்பறையை உண்டாக்குவது நம் கடமை.